ஆணியில் தொங்கிய குடை

"இன்னா இசக்கியக்கா, 'மரக் கட்சி அலை'ன்னு கடைவாசல்ல தொங்கவுட்டுக்கினு கீறே? கழட்டு அத்த!"

"பேப்பர்காரன் கொடுத்த போஸ்டரை மாட்டுதேன். ஒனக்கு என்னலே எரியுது?"

எழுபத்தொன்றாம் வருஷத் தேர்தல். மயிலாப்பூர்க் குளத்தோர மூலையில் இசக்கியம்மாளின் பெட்டிக்கடை. கத்தியவன் வண்டிக் கட்சி ஜவஹர். "எலெக்‌ஷன் முடியட்டும், கடை இங்க இருக்காது" என்று உறுமிவிட்டுப் போனான்.

சனியன் தொலையட்டும் என்று பக்கத்திலேயே இன்னொரு பத்திரிகையின் 'வண்டிக்கே வெற்றி'யையும் மாட்டினாள். உடனே மரக் கட்சி ஜவுளிக்கடை நல்லசிவம் வேட்டியைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடி வந்தார். "ஏம்மா, காலையில எங்களை ஜெயிக்க வச்சே. மத்தியானமே தோக்கடிச்சிட்டியே!"

இரண்டையும் கிழித்தாள். இனி எவனும் எதையும் மாட்டக் கூடாதென்று தன் கறுப்புக் குடையைப் போஸ்டர் தொங்கிய ஆணியில் தொங்கவிட்டாள்.

சோடா குடிக்க வந்த மாலைப் பத்திரிகை நிருபர் காஸ்பர் கண்ணில் அது பட்டது. "இது யார் சின்னம்க்கா?"

"எஞ் சின்னம்! போவியா?"

மறுநாள் தலைப்பு: 'மயிலையில் குடை அலை!' அதற்கு மறுநாள்: 'குடை வேட்பாளர் ஆவேசப் பேச்சு!' மற்றப் பத்திரிகைகள் சும்மா இருக்குமா? ஒன்று அவரைப் புகழ்ந்தது, ஒன்று திட்டியது. மேடைக்கு மேடை இரு கட்சிகளும் குடையைக் கிழித்தன. ஆளை யாரும் பார்த்ததில்லை. ஆனால் தங்கமான மனுஷன், லஞ்சத்தைத் தொட மாட்டார் என்று தெருவே சொன்னது.

ஜவஹரும் நல்லசிவமும் சேர்ந்தே வந்தார்கள். "குடையை எடுத்துடு!"

"கடையைப் பேத்தாலும் எடுக்க மாட்டேன். எத்தன பேருவே மிரட்டுவிய? என் ஓட்டும் குடைக்குத்தான்!"

வாக்குச்சாவடியில் சீட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள். "ஐயா, குடை எங்கே?"

அலுத்துப்போன குமாஸ்தா நிமிராமலே சொன்னார்: "காலையிலேருந்து ஊரே கேக்குது. அப்படி ஒருத்தர் நிக்கவே இல்லம்மா."

வெளியே ஜவஹர் வழிமறித்தான். "யாருக்குப் போட்டே?"

"குடைக்கு!" என்றாள், தெரு முழுக்கக் கேட்கும்படி.

குடைக்காரர் ஆளாயிற்றே என்று அவள் கடையில் பிறகு எவனும் கை வைக்கவில்லை. தேர்தல் முடிந்த கையோடு காஸ்பர், பக்கத்துப் பள்ளிக்கூட டீச்சர் ஐரினைக் கட்டிக்கொண்டு சிந்தாதிரிப்பேட்டைக்குக் குடிபோனான். குடை வேட்பாளர் தோல்வியைப் பெருந்தன்மையோடு ஒப்புக்கொண்ட பேட்டியை அங்கிருந்துதான் எழுதினான்.