கைதட்டல் அப்பாவின் சபதம்

மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் ஒரு முடிவுக்கு வந்துவிட்டார். இனிமேல் கைதட்டுவதில்லை.

இது லேசுப்பட்ட முடிவு இல்லை. சிகரெட்டை விட்டவர்களைக் கேட்டால் தெரியும், கையோடு ஒட்டிய பழக்கத்தை விடுவது எவ்வளவு கஷ்டம் என்று. மகள் முதன்முதலாகத் தவழ்ந்தபோது தட்டினார். முதல் பல் விழுந்தபோது தட்டினார். ஊசி போட்டுக்கொண்டு அழாமல் இருந்தாள் என்று ஆஸ்பத்திரி வராந்தாவில் எழுந்து நின்று தட்டி, நர்ஸிடம் திட்டு வாங்கினார். அவள் செல்லோ கற்றுக்கொள்ளத் தொடங்கிய பிறகு அவர் கைகளுக்கு ஓய்வே இல்லாமல் போயிற்று.

செல்லோ என்றால் வயலினுக்கு அண்ணன். தோளில் வைக்க முடியாது. தரையில் ஊன்றி, முழங்கால்களுக்கு நடுவே நிறுத்தி, வில்லால் இழுத்து வாசிக்க வேண்டும். பெட்டியில் போட்டால் மகளைவிட உயரம். அந்தப் பெட்டியை முதுகில் மாட்டிக்கொண்டு சனிக்கிழமைதோறும் கண்ணாடிக்காரர் பஸ் ஏறுவார். காலியாக இருக்கும் ஒரே இருக்கையில் அதை உட்காரவைத்துவிட்டு, இவர் நின்றுகொண்டு வருவார். மகளும் நின்றுகொண்டுதான் வருவாள்.

கடையிலும் இதே பாட்டுதான். கண் சோதிக்க வந்தவர், பலகையில் கடைசி வரி தெரியவில்லை என்பார். "அதை விடுங்க, இது தெரியுதா பாருங்க" என்று மகள் செல்லோ வாசிக்கும் படத்தை நீட்டுவார். தெரிகிறது என்று சொன்னால் பத்தாது. எப்படி இருக்கிறது என்றும் சொல்ல வேண்டும். பாதிப் பேர் அடுத்த முறை வேறு கடைக்குப் போனார்கள். மீதிப் பேருக்குச் செல்லோவைப் பற்றி நன்றாகத் தெரிந்திருந்தது.

இப்படிப்பட்ட மனிதரைக் கைதட்டலை விடும்படி செய்த கதை போன கச்சேரியில் தொடங்கியது.

இளைஞர் இசைக்குழுக்களில் ஒரு பழக்கம் உண்டு. பெரிய இசையை மூன்று பாகமாக வாசிப்பார்கள். ஒரு பாகம் முடிந்ததும் அப்படியே நிசப்தம். குழுவை நடத்தும் மாஸ்டர் குச்சியைத் தூக்கியபடி நிற்பார். கூட்டம் இருமிக்கொள்ளலாம், நாற்காலியில் புரண்டு உட்காரலாம், தட்டக் கூடாது. மூன்றும் முடிந்த பிறகுதான் தட்ட வேண்டும். இது கண்ணாடிக்காரருக்குத் தெரியும். அவருடைய கைகளுக்குத் தெரியாது. போன கச்சேரியில் முதல் பாகம் முடிந்த மறுவிநாடி எழுந்து நின்று தட்டினார், அரங்கத்தில் அவர் ஒருத்தர் மட்டும். போதாததற்கு, "இடது பக்கம் ரெண்டாவது, அது நம்ம பொண்ணு" என்று பின்வரிசைக்கும் அறிவித்தார். மாஸ்டர் திரும்பிப் பார்த்தார். குழுவே திரும்பிப் பார்த்தது. மகள் செல்லோவுக்குப் பின்னால் முகத்தை மறைத்துக்கொண்டு, அடுத்த பாகத்தை எல்லாரும் எடுத்த பிறகு எடுத்தாள்.

அன்றிலிருந்து குழுப் பிள்ளைகள் அவருக்கு வைத்த பெயர் 'கைதட்டல் அப்பா'. அதையும் அவர் பட்டம் கொடுத்ததாகவே எடுத்துக்கொண்டார்.

இந்த முறை விஷயம் பெரிது. சாப்பாட்டு மேஜையில், தட்டைப் பார்த்துக்கொண்டே மகள் சொன்னாள்.

"ரெண்டாவது பாகத்தை நான்தாம்ப்பா ஆரம்பிக்கிறேன். தனியா. மத்தவங்க யாரும் வாசிக்க மாட்டாங்க."

கண்ணாடிக்காரரின் கைகள் மேஜைக்கு மேலே வந்துவிட்டன. மனைவி பார்த்த பார்வையில் மறுபடி கீழே போயின.

"எப்ப ஆரம்பிக்கணும்?" என்று கேட்டார், குரலை மட்டும் வைத்துக்கொண்டு.

"முதல் பாகம் முடிஞ்சதும். அந்த அமைதியில இருந்தே மெதுவா எடுக்கணும். அந்த அமைதி கெட்டா எல்லாமே கெட்டுடும்னு மாஸ்டர் சொன்னார்."

அதற்கப்புறம் இருவரும் அவரைப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருந்த விதத்திலேயே அவருக்கு விளங்கிவிட்டது. இத்தனை வருஷம் விரல் காய்க்க வாசித்ததற்குப் பெண்ணுக்குக் கிடைத்த இடம் அது. அதற்கு உலகத்தில் இருக்கும் ஒரே ஆபத்து, எதிர் நாற்காலியில் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. எழுந்து போய்க் கையைக் கழுவினார். "கைதட்டுறதையும் இதோட கழுவிட்டேன். போதுமா?" என்றார்.

"சொன்னா போதாது. ஒத்திகை பாத்துடலாம்" என்றாள் மனைவி.

மனைவி பல் டாக்டரிடம் வரவேற்பு மேஜையில் இருப்பவள். 'வலிக்கவே வலிக்காது, இதோ கூப்பிட்டுடுவாங்க' என்று முகம் மாறாமல் சொல்வதற்குச் சம்பளம் வாங்குகிறவள். அவள் பேச்சை நம்பித் தானாக எழுந்து உள்ளே போன கடைவாய்ப்பல்காரர்கள் எத்தனையோ பேர்.

செல்போனில் முதல் பாகத்தைப் போட்டாள். கண்ணாடிக்காரர் கைகளைத் தொடைக்கு அடியில் வைத்து, மேலே உட்கார்ந்துகொண்டார். பாகம் முடிந்தது. டப்பென்று சத்தம் கேட்டது.

"தட்டிட்டீங்க."

"நானா? இல்லையே."

"பின்ன யாரு, நாற்காலியா?"

"அது தன்னால தட்டிருச்சு. இன்னொரு தடவை போடு."

இன்னொரு தடவை கைகளை மார்போடு கட்டிக்கொண்டார். இசை முடிந்ததும், கட்டிய கையால் தன் தோளையே தட்டிக்கொடுத்தார். அடுத்து, கைக்கு ஒன்றாகத் தண்ணீர் டம்ளர்களைக் கொடுத்துப் பார்த்தாள். அந்தத் தண்ணீரைத் துடைக்கவே நேரம் சரியாக இருந்தது.

"இதுல வாசிக்கிறது யாருன்னே உங்களுக்குத் தெரியாது. முன்னப்பின்ன தெரியாதவங்களுக்கே இப்படித் தட்றீங்க. நம்ம பொண்ணு வாசிச்சா?"

"யோசனை ஒண்ணு இருக்கு. பேன்ட் பாக்கெட்டுல ரெண்டு கையையும் விட்டுக்கிறேன். நீ மேல தைச்சிடு."

"தைச்சிட்டா செல்லோவை யாரு தூக்கிட்டு வருவா?"

இந்தக் கோணத்தில் அவர் யோசிக்கவில்லை. சரி, டிரம்பெட் அம்மாவின் பக்கத்தில் உட்கார்ந்து, அவர் தட்டினால் மட்டும் தட்டுவது என்று திட்டத்தை மாற்றினார். டிரம்பெட் வாசிக்கும் பிள்ளையின் அம்மா விவரம் தெரிந்தவர். ஆனால் போன கச்சேரியின்போது அவர் பக்கத்தில்தான் இவர் உட்கார்ந்திருந்தார் என்பதை மனைவி நினைவூட்டினாள். அந்த அம்மாள் இவர் சட்டையைப் பிடித்து இழுத்தும் உட்காராதவர் இவர்.

அந்த வாரம் முழுக்க அம்மாவும் பெண்ணும் குசுகுசுவென்று பேசினார்கள். இவர் வந்தால் பேச்சு நின்றது. என்ன உடை போடுவது என்று பேசுகிறார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிறகு ஒரு நாள், கடையை மூடும் நேரத்தில் மனைவி வந்து நின்றாள். முகத்தில் பெரிய கவலை.

"ஏங்க, மேடைத் திரையைப் பிடிச்சு வச்சிருக்கிற கொக்கி உடைஞ்சு போச்சாம். மாஸ்டர் ஆடிப்போயிட்டாரு."

"ஐயையோ. அப்ப கச்சேரி?"

"கயிறு நல்லாத்தான் இருக்கு. கடைசி வரைக்கும் அதை ஒருத்தர் பிடிச்சுக்கிட்டு நின்னா போதும். விட்டா திரை அப்படியே முன்வரிசைப் பிள்ளைங்க தலையில வந்து விழும்."

"முன்வரிசைனா செல்லோ இல்ல?"

"அதான் பயமா இருக்கு. பொறுப்பான ஆள் வேணுங்கறாரு. எனக்குத்தான் அப்படி யாரையும் தெரியல."

கண்ணாடிக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டார்.

"ஏன், நான் இல்லையா?"

"நீங்களா?" மனைவி தயங்கினாள். எவ்வளவு அழகாகத் தயங்கினாள் என்பது அவருக்குப் பிறகுதான் உறைத்தது. "உங்களால முடியுமாங்க? ரெண்டு கையாலயும் பிடிக்கணுமாம். ஒரு நிமிஷம்கூட விடக் கூடாதாம்."

"செல்லோ தூக்கின கை இது."

"கடைசியில எல்லாரும் தட்டுவாங்க. அப்பகூட நீங்க தட்ட முடியாது."

"ஆபரேஷன் பண்ற டாக்டர் நடுவுல கைதட்டுவாரா? பொறுப்புல இருக்கிறவன் தட்ட மாட்டான். போய்ச் சொல்லு, ஆள் ரெடின்னு."

"என்னவோ, நீங்க பிடிவாதம் பிடிக்கிறீங்க. சொல்லிப் பாக்கறேன்" என்று அவள் அரைமனதாகக் கிளம்பினாள்.

கச்சேரி நாளன்று பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தவர்கள் எல்லாருக்கும் கொக்கி உடைந்த கதை தெரிந்துவிட்டது. அரங்கத்தின் பக்கவாட்டில், இருட்டான மூலையில் கயிறு தொங்கியது. கைத்தடிப் பருமன். அண்ணாந்து பார்த்தார். மேலே எங்கோ கறுப்பில் போய் மறைந்தது. ஊருக்கே பார்வை சோதிக்கிறவருக்கு அதன் மறுமுனை தெரியவில்லை. ஒரு இழுப்பு இழுத்துப் பார்த்தார். அசையவில்லை. அம்மாடி, எவ்வளவு பாரம் என்று நினைத்து, கால்களை அகட்டி ஊன்றிக்கொண்டார்.

மாஸ்டர் அந்தப் பக்கமாகப் போனவர் நின்று, "கெட்டியா பிடிச்சுக்குங்க சார். உங்களை நம்பித்தான் இருக்கோம்" என்று சொல்லிவிட்டுப் போனார். அது உண்மையான வார்த்தைதான்.

விளக்குகள் எரிந்தன. இதுவரை எல்லாக் கச்சேரியிலும் தலைகளுக்கு மேலே எட்டி எட்டித்தான் மகளைப் பார்த்திருக்கிறார். இங்கே அவள் கைக்கெட்டும் தூரத்தில் இருந்தாள். இடது கையில் கடித்துக் குதறிய நகங்கள் தெரிந்தன. சரியாகக் கட்டாத ஷூ லேஸ் தெரிந்தது. குனிந்து கட்டிவிடலாம் போல இருந்தது. ஆனால் கயிறு.

முதல் பாகம் வெள்ளமாகப் போயிற்று. முடிந்தது. மாஸ்டரின் குச்சி மேலேயே நின்றது. கண்ணாடிக்காரரின் உள்ளங்கைகள் துடித்தன. அவற்றைக் கயிற்றோடு சேர்த்து நெரித்தார். அரங்கத்தில் ஒரு இருமல்கூட இல்லை. கைதட்டல் அப்பாவை எங்கும் காணோமே என்று டிரம்பெட் அம்மா மட்டும் நாலு பக்கமும் திரும்பிப் பார்த்தார்.

மகள் தந்தியில் வில்லை வைத்தாள். முதலில் சத்தமே கேட்கவில்லை. அப்புறம் கேட்டது.

அவருக்குத் தெரிந்த இசைதான். வீட்டில் மாதக்கணக்கில் கேட்டது. ஆனால் வீட்டில் கேட்டது துண்டு துண்டாக, பாதியில் நின்று, 'சே' என்று அவள் அலுத்துக்கொண்டு, மறுபடி ஆரம்பிப்பதாக. முழுசாக ஒரே மூச்சில் அவர் கேட்டதே இல்லை. இவ்வளவு பெரிய அரங்கத்தை அந்த ஒல்லிக் கை ஒன்றே பிடித்து வைத்திருந்தது. மற்ற பிள்ளைகள் தங்கள் முறை வரும்வரை அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் யாரையும் பார்க்கவில்லை. என் பொண்ணு என்று நினைத்தார். அப்புறம், இது என்னிடமிருந்து வந்தது இல்லை, இவளே சம்பாதித்தது என்று நினைத்தார். முன்னதைவிட அதுதான் பெருமையாக இருந்தது. கண்ணாடி நனைந்து எல்லாம் மங்கலாகிவிட்டது. மூக்கும் ஒழுகியது. துடைக்கக் கை இல்லை.

மூன்றாம் பாகமும் முடிந்தது. அரங்கமே எழுந்து நின்று தட்டியது. மாஸ்டர் மகளைக் கைகாட்டி எழுந்து நிற்கச் சொன்னார். தட்டல் இரண்டு மடங்காகியது. அத்தனை பேரும் தட்டினார்கள், இவள் யாரென்றே தெரியாதவர்கள்கூடத் தட்டினார்கள். அவள் தவழ்ந்ததற்குத் தட்டியவர் மட்டும் கயிற்றைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஆற்றாமல் காலால் தரையைத் தட்டினார். அதுவும் யாருக்கும் கேட்கவில்லை.

அப்போதுதான் அது நடந்தது. அவர் கண்ணெதிரிலேயே திரை மூடிக்கொண்டது.

மேலிருந்து விழவில்லை. இரண்டு பக்கத்திலிருந்தும் வழுவழுவென்று வந்து நடுவில் சேர்ந்தது. கண்ணாடிக்காரர் உயிரைக் கொடுத்துக் கயிற்றை இழுத்தார். திரை அதைக் கண்டுகொள்ளவே இல்லை. எதிர்மூலையில் சுவர்ப் பொத்தானை அழுத்திக்கொண்டிருந்த ஆள், "சார், அது பழைய திரையோட கயிறு. திரை போயே பல வருஷம் ஆச்சு. மேல இரும்புச் சட்டத்துல சும்மா கட்டியிருக்கு" என்றார். "விட்டுடலாம் சார்."

விடுவதற்கு மனம் வரவில்லை. விட்டால் இவ்வளவு நேரம் பிடித்திருந்ததற்கு அர்த்தம் இல்லாமல் போய்விடும். அப்படியே நின்றார். மகள் செல்லோவோடு வந்தாள். பின்னாலேயே மனைவி வந்தாள், வலிக்கவே வலிக்காது என்று சொல்லும் அதே முகத்தோடு.

"வருஷக்கணக்கா கூடவே வாழ்ந்தவனை இப்படிக் கட்டிப்போட்டுட்டியே. என்னை வீட்டுல விட்டுட்டு வந்திருக்கலாமே."

"அதுதாங்க என் யோசனை. கடைச் சாவியை ஒளிச்சு வச்சு உங்களைத் தேட விட்டுட்டு வந்துடலாம்னேன். இவதான் கேக்கல."

மகள் குனிந்த தலையோடு சொன்னாள். "நீங்க பக்கத்துல இல்லாட்டி என்னால ஆரம்பிக்க முடியாதுன்னு சொன்னேம்ப்பா. நீங்க அங்க நிக்கறதைப் பாத்துட்டுத்தான் வில்லை எடுத்தேன்."

கண்ணாடிக்காரர் நிமிர்ந்தார். வீட்டில் தன் கட்சியில் ஒரு ஜீவனாவது இருக்கிறதே. அதுவும் இந்த ஜீவன். மனைவியை வெற்றியோடு பார்த்தார். "பாத்தியா? என் பொண்ணு எனக்காகப் பேசியிருக்கா. கயிறும் கொக்கியும் உன் புத்தி."

மகள் அவர் கையைத் தொட்டாள்.

"கயிறும் என் யோசனைதாம்ப்பா. இப்பவாவது அதை விடுங்க."