எங்கள் ஊரில் இதே ருசிதான்

வெளிநாட்டுக்குப் பிழைக்கப் போன நம்மவர்களில் சாப்பாட்டுத் தூதர் என்று ஓர் இனம் உண்டு. இவரை எந்த அரசாங்கமும் நியமிப்பதில்லை. சம்பளம் கிடையாது, காரில் கொடி கிடையாது. ஓர் இந்திய உணவகமும், அதில் எதிரே உட்கார்ந்து தலையாட்ட ஒரு வெளிநாட்டுக்காரரும் கிடைத்தால் போதும், இவர் அந்த நிமிடமே பதவியேற்றுக்கொள்வார். அதன் பிறகு மேசைக்கு வரும் எந்தப் பண்டமும் இவருடைய விளக்கவுரை இல்லாமல் உங்கள் வாய்க்குள் போக முடியாது.

இவரை அடையாளம் காண்பது சுலபம். உணவகத்தின் கதவைத் திறந்ததும் மூச்சை ஆழமாக இழுத்து, கண்ணை மூடி, "ஆகா, எங்கள் வீட்டு அடுப்படி" என்பார். அது கல்லாவில் கொளுத்திவைத்த ஊதுபத்தியின் வாசனை. உட்கார்ந்ததும் மெனு அட்டையைத் திறக்கமாட்டார். திறந்து பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டிய நிலையில் தான் இல்லை என்பதுபோல் அதன்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொள்வார். கொத்தமல்லித் தழையை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்து அது எந்தெந்த நோய்க்கு மருந்து என்று பட்டியல் சொல்வார், கையால் சாப்பிடுவதில் இருக்கிற விஞ்ஞானத்தைக் கரண்டியால் சாப்பிட்டுக்கொண்டே விளக்குவார், சுவரில் தொங்கும் தாஜ்மகாலைச் சுட்டிக்காட்டி, பக்கத்துத் தெருவில் இருக்கிற கோயிலைப் பற்றிப் பேசுகிற உரிமையோடு பேசுவார். எல்லாவற்றையும் முடித்துவைக்க ஒரு வாக்கியம் வைத்திருப்பார்: "எங்கள் ஊரில் இதே ருசிதான்."

எந்த ஊரில்? யாரும் கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பதவி இத்தனை காலமாக நிலைத்திருக்கிறது.

எனக்குத் தெரிந்த தூதரின் பெயர் ஜீவானந்தம். ஜவ்வாது மலையில் நெல்லிவாசல்நாட்டுக்காரன். தோல் தொழில்நுட்பம் படித்துவிட்டு, ஜப்பானில் ஹிமேஜி என்ற ஊரில் ஒரு தோல் கம்பெனியில் வேலைக்கு வந்தவன். நானும் அங்கேதான் வேலை பார்க்கிறேன். நான் வாணியம்பாடிக்காரன், பெயர் இல்யாஸ். எங்கள் குடும்பத்தில் பாட்டன் காலத்திலிருந்து தோல் வியாபாரம். பெரியப்பா ஒருவர் மட்டும் வழிதவறித் தந்தூர் அடுப்பு வைத்து ஓட்டல் நடத்துகிறார். ஆகவே நாண் ரொட்டி என்பது என்ன, எப்படிச் சுடுவது, எப்போது தின்பது என்பதெல்லாம் எனக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் அந்த மேசையில் என் அபிப்பிராயத்தை ஒருநாளும் யாரும் கேட்டதில்லை. தூதர் பேசிக்கொண்டிருந்தார்.

மேசையில் நாங்கள் மூன்று பேர். மூன்றாமவர் எங்கள் பிரிவுத் தலைவர் ஒகுதா சான். சான் என்பது ஜப்பானில் பெயருக்குப் பின்னால் போடும் மரியாதை, நம் ஊர் சார் மாதிரி. வியாழக்கிழமைதோறும் வேலை முடிந்ததும் ரயில் நிலையத்துக்குப் பின்னால் இருக்கும் இந்திய உணவகத்துக்குப் போவோம். அதன் முதலாளியும் சமையல்காரருமான பிஷ்ணு நேபாளத்துக்காரர். கதவில் ஹலால் என்று ஒட்டியிருப்பதால் நான் போகிறேன். தூதர் என்பதால் ஜீவா போகிறான். ஒகுதா சான் ஏன் வருகிறார் என்று நான் யோசித்ததே இல்லை. வெளிநாட்டில் இந்திய உணவகத்துக்கு வருகிறவர் ருசிக்காக வருகிறார் என்றுதானே நாம் எல்லோரும் நம்புகிறோம்?

ஜப்பானில் இந்த மாதிரி உணவகத்தில் நாண் கேட்டால் வருவதை நீங்கள் பார்க்க வேண்டும். விரித்துப் போட்ட ஆட்டுத்தோல் அளவுக்குத் தட்டின் இரண்டு பக்கமும் தொங்கும். மேலே வெண்ணெய் ஓடும். கடித்தால் இனிக்கும். தொட்டுக்கொள்ள வெண்ணெயும் பாலேடும் போட்ட கோழிக்குழம்பு, அதுவும் இனிக்கும். காரத்துக்கு ஒன்று முதல் ஐந்து வரை அளவு வைத்திருப்பார்கள். ஐந்தாம் அளவைக் காட்டி "இது எங்கள் ஊரில் குழந்தைகளுக்கு ஊட்டுவது" என்பான் ஜீவா, தனக்கு இரண்டாம் அளவு சொல்லிக்கொண்டே.

"இந்த நாணை என் அம்மா தினமும் காலையில் மண் அடுப்பில் சுடுவார்," என்று நாணின் ஓரத்தைத் தடவிச் சொல்வான். "இதைவிடப் பெரிதாக இருக்கும்."

"இதைவிடவா?" என்று ஒகுதா சான் கண்ணை விரிப்பார்.

உண்மை என்னவென்றால், ஹிமேஜிக்கு வரும்வரை ஜீவா நாணைப் படத்தில்கூட உற்றுப் பார்த்ததில்லை. அவன் தின்று வளர்ந்தது சாமைச் சோறும் கேழ்வரகுக் களியும் அவரைக்கொட்டைக் குழம்பும். மைதா அவன் வயிற்றுக்கு ஆகாது. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் கம்பெனியில் அவன் சீரகத் தண்ணீரும் கையுமாக, யாருடனும் பேசாமல் உட்கார்ந்திருப்பான். தூதர்களுக்கு இப்படிச் சில கஷ்டங்கள் உண்டு.

பின்னே ஏன் ஆரம்பித்தான்? அங்கேதான் இந்த இனத்தின் பிறப்பு ரகசியம் இருக்கிறது. இவர்கள் பெருமைக்காகப் பொய் சொல்கிறவர்கள் என்று நினைத்தால் நீங்கள் அவர்களுக்கு அநியாயம் செய்கிறீர்கள். ஜீவா வேலைக்குச் சேர்ந்த வாரம் ஒகுதா சான் அவனுக்கு வரவேற்பு விருந்து வைத்தார். நல்ல மனிதர், ஊரெல்லாம் விசாரித்து இந்த உணவகத்தைக் கண்டுபிடித்து, மழையில் குடை பிடித்துக் கூட்டிக்கொண்டு போனார். ஜீவா முதல் வாய் வைத்ததும், இரண்டு கையையும் முழங்காலில் வைத்துக்கொண்டு, பரீட்சை எழுதிய பையன் மார்க்குக்குக் காத்திருப்பதுபோல் கேட்டார்: "ஜீவா சான், உங்கள் ஊர் ருசியாக இருக்கிறதா?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்? "அப்படியே என் அம்மா செய்வதுபோலவே இருக்கிறது," என்றான் ஜீவா. அன்று பிடித்தது, மூன்று வருஷமாக வியாழக்கிழமை தப்பவில்லை.

போன தை மாதம் வாணியம்பாடி, ஆம்பூர் பக்கத்துத் தோல் பட்டறைகளைப் பார்க்க ஒகுதா சான் வந்தார். துணைக்கு நாங்கள் இரண்டு பேரும் வந்தோம். வந்த முதல் நாளே அவர் சொல்லிவிட்டார்: "வேலை எப்படியும் நடக்கும். ஜீவா சானின் அம்மா கையால் அந்த நாணைச் சாப்பிடாமல் நான் திரும்பமாட்டேன்."

ஜீவா என்னைத் தனியாக இழுத்துக்கொண்டு போனான்.

"இன்னா பாய் பண்றது? இனிமே அவரு மூஞ்சில எப்படி பாய் முழிப்பேன்?"

"உண்மைய சொல்லிடேன்பா."

"எந்த உண்மைய? எனக்கு வூடு புடிக்க அவர்தான் ஜாமீன் கையெழுத்து போட்டாரு. விசாவுக்கு அவர்தான் எழுதிக் குடுத்தாரு. பெத்த தாய் பேர சொல்லி மூணு வருசமா பொய் பேசினவன்னு தெரிஞ்சா, மத்ததெல்லாம் மட்டும் நெசம்னு நம்புவாரா?"

கேள்வி நியாயமானது.

"உங்க பெரியப்பா ஓட்டல்ல நாண் கட்டிக் குடுப்பாங்களா பாய்?" என்றான்.

கட்டிக் கொடுத்தார்கள். இருப்பதிலேயே பெரிதாகச் சுட்டு, வெள்ளித்தாளில் சுற்றி, ஒகுதா சான் கண்ணில் படாமல் ஜீப்பின் பின்சீட்டுக்கு அடியில் வைத்தோம். கிளம்புவதற்கு முன்னால் ஜீவா அம்மாவுக்குப் போன் போட்டான். சாந்தம்மாள் பேசுவது பக்கத்தில் நின்ற எனக்கும் கேட்டது.

"நான் கொண்ணார்றத நீதான் சுட்டன்னு சொல்லணும்மா."

"இன்னாத்தடா?"

"நாண்மா."

"அது இன்னாது?"

"ரொட்டிம்மா. பெருசா இருக்கும்."

"எம்மாம் பெருசு?"

ஜீவா கையை விரித்துக் காட்டினான். போனில் தெரியாது என்பது அவனுக்கு அப்போது தோன்றவில்லை.

மலைப்பாதை வளைவுகளில் ஜீப் ஏறிக்கொண்டிருக்கும்போது நாண் ஆறிக்கொண்டிருந்தது. போய்ச் சேர்ந்ததும் ஜீவாவின் அப்பா ரங்கன் ஒகுதா சானின் கையைப் பிடித்துக்கொண்டு விடவே இல்லை. பொட்டலத்தை நான் கொல்லைப்புறமாக உள்ளே கடத்தினேன். சாப்பிடுவதற்கு முன் ஒரு போட்டோ எடுத்தே ஆக வேண்டும் என்றார் ஒகுதா சான். நாணை இரண்டு கையாலும் மார்புக்கு நேரே தூக்கிப் பிடித்து அவர் நடுவில் நிற்க, இந்தப் பக்கம் ரங்கன், அந்தப் பக்கம் தன் வாழ்நாளில் முதல்முறையாக நாணைப் பார்க்கும் சாந்தம்மாள். போட்டோவை ஜீவா அங்கேயே பிஷ்ணுவுக்கு அனுப்பிவைத்தான். கண்டம் தாண்டிவிட்டோம் என்ற சந்தோஷம் அவனுக்கு.

உட்கார்ந்தோம். ஒகுதா சான் நாணைக் கிள்ளப் பார்த்தார், வரவில்லை. முப்பது வருஷம் தோலுக்குத் தரம் போட்ட விரல்கள் அல்லவா, அவர் அறியாமலே வேலையைத் தொடங்கின. கட்டைவிரலால் அழுத்தினார், மடித்தார், மடிப்பில் விரிசல் விடுகிறதா என்று வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விடவில்லை. எங்கள் தொழிலில் அதற்கு முதல் தரம்.

அப்போது சாந்தம்மாள் மகன் தட்டில் சாமைச் சோற்றைப் போட்டு, அவரைக்கொட்டைக் குழம்பை ஊற்றினார். ஒகுதா சான் அதைப் பார்த்தார். அவர் பார்ப்பதைச் சாந்தம்மாளும் பார்த்தார்.

"தப்பா நெனைக்காதீங்க அய்யா. அவனுக்கு அந்த ரொட்டியெல்லாம் ஆவாது. சின்னதுலேர்ந்தே மைதா துன்னா வவுறு ஊதிக்கும்."

மொழிபெயர்க்க வேண்டியவன் ஜீவா. தொண்டையைக் கனைத்துக்கொண்டு ஜப்பானிய மொழியில் சொன்னான்: "விருந்தாளி நாண் சாப்பிட்டு முடிக்கும்வரை வீட்டுப் பிள்ளை அதைத் தொடக் கூடாது. எங்கள் மலையில் அது மரபு."

அந்த மரபு பிறந்த நிமிடத்தில் நானும் உடன் இருந்தேன் என்பதைப் பதிவு செய்கிறேன்.

ஒகுதா சான் என் பக்கம் திரும்பினார். "இல்யாஸ் சான், அப்படியா?"

நண்பனைக் காட்டிக் கொடுப்பதா, நல்ல மனிதரை அந்த நாணோடு தனியாக விடுவதா? "ஆமாம்," என்றேன். "விருந்தாளி விரும்பினால் வீட்டுச் சோற்றையே கேட்டு வாங்கலாம் என்பதும் மரபு."

நான் சொல்லி முடிப்பதற்குள் தட்டை நீட்டிவிட்டார்.

முதல் தடவை போட்ட சோறு பேச்சில்லாமல் போயிற்று. இரண்டாம் தடவையும் போயிற்று. மூன்றாவதற்கு முன்னால் தட்டைக் கீழே வைத்துவிட்டு, தலை குனிந்தபடி ஒகுதா சான் மெதுவாகப் பேச ஆரம்பித்தார்.

"ஜீவா சான், ஒன்று சொன்னால் வருத்தப்படக் கூடாது. எனக்கு வெண்ணெய் ஒத்துக்கொள்ளாது. வியாழக்கிழமை வீட்டுக்குப் போனால் என் மனைவி கஞ்சி வைத்துத் தருவாள். ஆனால் அம்மாவை விட்டு இவ்வளவு தூரம் வந்த பிள்ளை வாரத்தில் ஒருநாளாவது அம்மா சமையலைச் சாப்பிட வேண்டும், அதைத் தனியாக உட்கார்ந்து சாப்பிடக் கூடாது என்று நினைத்தேன். அதனால் வந்தேன்."

ஜீவா குழம்பிலிருந்து விரலை எடுத்தான். பிறகு எல்லாவற்றையும் கொட்டிவிட்டான்: வரவேற்பு விருந்து, வெள்ளிக்கிழமைச் சீரகத் தண்ணீர், ஜீப் சீட்டுக்கு அடியில் இருந்த பொட்டலம் வரைக்கும். மன்னிப்பு என்பதற்கு ஜப்பானிய மொழியில் எத்தனை சொல் உண்டோ அத்தனையும் அன்று கேட்டேன்.

ஒகுதா சான் பின்கழுத்தைச் சொறிந்துகொண்டார். "அப்படியானால், அந்த உணவகத்துக்கு விரும்பிப் போனது யார்?" என்றார்.

இரண்டு பேரும் என்னைப் பார்த்தார்கள். நான் ஹலாலுக்காகப் போகிறவன் என்று தெளிவுபடுத்தினேன்.

எனக்கு அப்போது ஜீவா மேல் பொறாமையாக இருந்தது. கூசாமல் புளுகியதற்கு மூன்று வருஷம் வயிற்று வலியோடு துணைக்கு வருகிற மனிதர் எத்தனை பேருக்குக் கிடைப்பார்?

"இன்னாடா சொல்றாரு? உப்பு பத்தலயா?" என்றார் சாந்தம்மாள்.

எதற்கும் நீளமாக ஒரு விளக்கம் வைத்திருக்கிற தூதர் இதற்கு இரண்டே வாக்கியம்தான் வைத்திருந்தார். "நல்லாருக்குதாம்மா," என்றான். "இன்னும் கொஞ்சம் வேணுமாம்."

நாணை என்ன செய்தோம் என்று கேட்பீர்கள். பக்கத்து வீட்டுக் கலைவாணி வந்து எட்டிப் பார்த்து, "இன்னாக்கா இது?" என்றாள். சாந்தம்மாள் துண்டு போட முயன்று, முடியாமல் முழுசாகவே தூக்கிக் கொடுத்து, "நாணுடி. எங்க வூட்ல அடிக்கடி சுடுறதுதான்," என்றார். பிள்ளை யாரைக் கொண்டு பிறந்தான் என்று எனக்கு அப்போது விளங்கியது.

ஹிமேஜிக்குத் திரும்பியதும் ஒகுதா சான் முடிவாகச் சொன்னார்: இந்த வியாழக்கிழமை கடைசி. பிஷ்ணுவிடம் நயமாகச் சொல்லி விடைபெற்றுக்கொள்வோம். பெருந்தன்மையோடு, இனி நான் மட்டும் தனியாக வந்துகொள்கிறேன் என்றேன்.

கதவைத் திறந்தோம். கல்லாவுக்கு மேலே, தாஜ்மகால் இருந்த இடத்தில், பெரிதாக்கிச் சட்டம் போட்ட எங்கள் போட்டோ. ஒகுதா சான், நாண், ரங்கன், சாந்தம்மாள். பிஷ்ணு முன்னெப்போதும் இல்லாத அளவில் ஒரு நாணை இரண்டு கையாலும் ஏந்திக்கொண்டு ஓடிவந்தார். அவர் கண் கலங்கியிருந்தது. "அம்மா கை நாண் எப்படி இருந்தது? நம்முடையது அதற்குப் பக்கத்திலாவது வருமா?"

ஜீவா மேசையைப் பார்த்தான். நான் ஹலால் ஒட்டியிருந்த கதவைப் பார்த்தேன். ஒகுதா சான் மூச்சை ஆழமாக இழுத்து, கண்ணை மூடித் திறந்தார்.

"அங்கேயும் இதே ருசிதான்," என்றார்.

அதோடு நின்றாரா? பக்கத்து மேசையில் இருந்த ஜப்பானியத் தம்பதி போட்டோவைப் பார்த்து ஏதோ கேட்க, மெனு அட்டையின்மேல் உள்ளங்கையை விரித்து வைத்துக்கொண்டு, ஜவ்வாது மலையில் மண் அடுப்பில் நாண் சுடும் முறையை விளக்க ஆரம்பித்தார். விருந்தாளிக்கு முன் வீட்டுப் பிள்ளை நாணைத் தொடக் கூடாது என்ற மரபையும் விடவில்லை. வியாழக்கிழமைகள் தொடர்கின்றன. அடுப்படிக் கதவு திறந்து மூடும்போது பிஷ்ணு தனக்கு வைத்திருக்கும் தட்டு என் கண்ணில் படும்: சோறு, பருப்பு, கீரை. அதில் நாண் இருந்து நான் பார்த்ததில்லை.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நான் ஜப்பானுக்கா போகப் போகிறேன் என்கிறீர்கள். போக வேண்டாம். பக்கத்தில் இருக்கிற செங்கம் கடைத்தெருவைத் தாண்டாதவரானாலும் என்றாவது ஒருநாள் உங்கள் மேல் அன்புள்ள யாரோ ஒருவர், உங்களுக்காகவே தேடிப் பிடித்த ஒரு பண்டத்தைத் தட்டில் வைத்து நகர்த்திவிட்டு, "உங்க ஊர்ல பண்ற மாதிரியே இருக்குதா?" என்று முகத்தையே பார்த்துக்கொண்டு உட்காருவார். அப்போது குனிந்து பாருங்கள், உங்கள் உள்ளங்கை எங்கே இருக்கிறது என்று. மெனு அட்டையின்மேல் இருந்தால், உடனே அம்மாவுக்கு ஒரு போன் போட்டுவிடுங்கள். எம்மாம் பெருசு என்று அவர் கேட்பார்.