இருட்டு பங்களாவில் ஒரு ரிப்பேர்

இன்னும் ஒரே ஒரு புகார் வந்தால் வேலை காலி என்று மேனேஜர் எச்சரித்து அனுப்பிய அன்றைக்குத்தானா மெக்கானிக்குக்கு இப்படி ஒரு பங்களா வாய்க்க வேண்டும்! மழை இருட்டு. கரண்ட் இல்லை. வாசலில் வௌவால் வேறு. கதவு அழுதுகொண்டே திறந்தது.

"எங்க வீட்டு ரோபோ திடீர் திடீர்னு நின்னுடுது தம்பி. உள்ளதான் எங்கேயாவது இருக்கும், பாருங்க" என்று மெழுகுவத்தியை அவன் கையில் திணித்துவிட்டு, மாடி ஜன்னல்களைச் சாத்த ஓடினாள் வீட்டுக்கார அம்மாள்.

ஹாலில் ஆளுயரக் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வெளிறிப்போய் நின்றது அது. கண் மட்டும் உருண்டது. அச்சு அசலாக மனுஷன் மாதிரியே செய்து தொலைத்திருக்கிறார்கள்!

"ஏன் நகராம நிக்கிற?"

"கரண்ட் வர்ற வரைக்கும் நகரக் கூடாதுன்னு உத்தரவு."

"யாரு போட்டது?"

"அவங்கதான். நீங்க அவங்க வரச்சொன்ன ஆளா? அப்போ நீங்க சொன்னாலும் கேப்பேன்."

"எதிர்த்துப் பேசுவியா?"

"அந்த வசதி எனக்கில்ல."

பழைய மாடல் என்று முடிவு கட்டிய மெக்கானிக், கையுறையை மாட்டிக்கொண்டு பிடரியில் பட்டனைத் தேடி அழுத்தினான். அவ்வளவுதான், மடை திறந்துகொண்டது.

"அந்தப் பச்சைத் திரைச்சீலை எனக்குப் பிடிக்கல! இந்தக் கடிகாரம் பிடிக்கல! இந்த பங்களாவே பிடிக்கல!"

"போச்சுடா!" சத்தத்தைக் குறைக்கலாமென்று காதைத் திருகினான். சுருதி ஏறிப் பாட்டாகிவிட்டது. பதறிப்போய் விலாவில் ஸ்குருவைத் தேடினான். கெக்கெக்கே என்று சிரித்தபடி அது சோபா மேல் ஏறி ஆடத் தொடங்கியது. சுவரிலிருந்த முறைப்பான முன்னோர் படம் தடாலென்று விழுந்தது.

சத்தம் கேட்டு அம்மாள் ஓடி வந்தாள். மெக்கானிக் கும்பிட்டான்.

"புகார் மட்டும் பண்ணிடாதீங்கம்மா! அஞ்சே நிமிஷம், பழையபடி ஆக்கிடறேன்!"

"தொட்டீங்கன்னா தெரியும்!" அம்மாளுக்குக் கண் நிறைந்திருந்தது. "இப்படியே இருக்கட்டும். உங்க மேனேஜர்கிட்ட நானே பாராட்டிச் சொல்றேன்" என்றவள், செருப்பை உதறிவிட்டுத் தானும் சோபாவில் ஏறிக்கொண்டாள்.

மெக்கானிக்குக்குத் தலையும் புரியவில்லை, வாலும் புரியவில்லை. ஆனால் வேலை பிழைத்தது. சந்தோஷத்தில் அவனும் தாளம் போட்டான்.

அப்போது சமையலறையிலிருந்து காபித் தட்டோடு வந்த வேலைக்காரப் பெண், பாதி வழியில் அப்படியே நின்றுபோனாள். சற்றுப் பொறுத்து இமைகளை அடித்துக்கொண்டு அவனைப் பார்த்தாள்.

"ஐயாவைச் சரி பண்ணி முடிச்சாச்சுன்னா, அப்படியே என்னையும் ஒரு பார்வை பாத்துடறீங்களா?"