ஆகஸ்டில் முடியாது

இந்த ஆகஸ்டிலும் முடியாது. கமுஹங்கா தீர்மானித்துவிட்டார். தீர்மானித்த கையோடு புளித்த பாலை ஒரே மடக்கில் குடித்தார். கோப்பையை டொக்கென்று வைத்தார்.

அவர் மனைவி உவெரி தையல் மெஷினை மிதித்துக்கொண்டே கேட்டாள்.

"ஏன் முடியாது?"

"சீசன்."

"சரி, ஜனவரி?"

"மழை. ஆறு வந்துரும். ரோடு இருக்காது."

"ஏப்ரல்?"

"புல்லு ஆளுயரம் நிக்கும். ஒண்ணும் கண்ணுல படாது."

"நாம பார்க்கப் போறது எங்க அக்காவை. அவ என்ன புல்லுக்குள்ள படுத்திருக்கிற சிங்கமா?"

கமுஹங்காவுக்கு வாய் தவறிவிட்டது. அது வெள்ளைக்காரர்களுக்குச் சொல்கிற பதில். முப்பது வருஷமாக அவுட்ஜோ ஊரில் காட்டு மிருகம் பார்க்க வருகிறவர்களுக்கு சஃபாரி வண்டி ஓட்டுகிறார். வருகிறவன் எல்லாம் ஒரே கேள்வி கேட்பான், எந்த மாசம் வரலாம் என்று. இவரும் ஒரே பதில் சொல்வார். ஜூன் முதல் அக்டோபர் வரை வா. எங்கும் தண்ணீர் இருக்காது. யானையும் ஒட்டகச்சிவிங்கியும் குட்டைக்கு வந்தே தீரும். நீ சும்மா உட்கார்ந்திருந்தால் போதும். மழையில் வந்தால் புல்லைப் பார்த்துவிட்டுப் போ.

"யானை குட்டைக்கு வரும். உங்க அக்கா வருவாளா?" என்றார் எரிச்சலாக.

"வருவாளே! வறண்ட மாசத்துல மாட்டோட போர்வெல் குழாய் அடியிலதான் கிடப்பா. மழை பெஞ்சா மாட்டுப் பின்னால எங்கயோ போயிடுவா. ஆகஸ்ட்ல போனாத்தான் ஆளே சிக்கும்." மெஷின் நின்றது. "அவளுக்குக் கண்ணு மங்கிட்டு வருதாம். என் முகம் தெரியிறப்பவே ஒரு தடவை பார்த்துடட்டும்."

அவருக்குச் சுருக்கென்றது. அடுத்த கணம் ஆடுகள் ஞாபகம் வந்தன. தொப்பியை எடுத்துக்கொண்டு வெளியே போய்விட்டார்.

ஆடுகள் கதை இதுதான். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் செஸ்ஃபான்டைன் பக்கம், அந்த அக்காவும் இருக்கிற மாமியார் ஊருக்குத் தன் சொந்த வண்டியில் போனார். ஊரில் வேறு வண்டி கிடையாது. போய் இறங்கினார், ஆறு நாள் பஸ் டிரைவர் ஆனார். ஒன்பது பேர், நாலு ஆடு, ஒரு இரும்புக் கட்டில், எட்டுத் தண்ணீர் டிரம். மச்சினனின் சீக்குக் கன்று முன்சீட்டில் உட்கார்ந்து அவர் தோளில் தலைசாய்த்து வந்தது. இன்றும் சில நாள் கனவில் வரும்.

நேராகக் கம்பெனி ஆபீசுக்குப் போனார். முன்பதிவு பார்க்கிற ஹில்டா மேசையில் இருந்தாள்.

"ஆகஸ்ட் கடைசி வாரம். ஏதாவது சவாரி குடு."

"எங்கன்னு கேக்கலையே, பெரியவரே?"

"எங்கயா இருந்தா என்ன?"

"யாருன்னு?"

"யாரா இருந்தா என்ன? எனக்கு அந்த வாரம் வேலை இருக்கணும். அவ்வளவுதான்."

"அப்புறம் மாத்தக் கூடாது. கையெழுத்துப் போடுங்க."

போட்டார். வீட்டுக்கு வந்து, "சவாரி வந்துருச்சு, நான் என்ன பண்ண?" என்றார். உவெரி தலையை மட்டும் ஆட்டினாள். சண்டை இல்லை, அழுகை இல்லை. அப்போதே அவர் யோசித்திருக்க வேண்டும். யோசிக்கவில்லை. நன்றாகத் தூங்கினார்.

சவாரி நாள் விடிகாலை ஆபீஸ் வாசலில் சீருடையோடு நின்றார். கதவைத் திறந்து பிடித்துக்கொண்டு, "வாங்க மேடம்" என்று தயாராகச் சிரித்தார். சிரித்த வாய் மூடவில்லை.

மூன்று மேடம்கள். மூன்று பேர் தலையிலும் அவர்கள் இனத்துப் பெண்கள் போடுகிற மாட்டுக்கொம்பு மாதிரித் தொப்பி. தரை பெருக்கும் பாவாடை, அதற்குள் ஆறேழு உள்பாவாடை. இரண்டு பேர் உவெரியின் சித்திகள். நடுவில் உவெரி.

"நீ எங்க இங்க?"

"புக் பண்ணியிருக்கேன். தண்ணிக்கு வர்றவங்களைப் பார்க்கிற சவாரி."

"யார் காசு?"

"என் மாட்டை வித்த காசு. உங்க மாடு பத்திரமா இருக்கு. பையைத் தூக்குங்க, டிரைவர்."

அவர் ஹில்டாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் கையெழுத்துப் போட்ட தாளைத் தூக்கிக் காட்டினாள்.

வண்டி கிளம்பியது. பின்னால் பாவாடைகள் ஜன்னல் வரை பொங்கி நின்றன. கண்ணாடியில் ரோடு தெரியவில்லை, துணிதான் தெரிந்தது. தார் முடிந்து சரளை ரோடு தொடங்கும் இடத்தில் இறங்கி, வண்டி குலுங்காமலிருக்க டயரில் காற்றைக் குறைத்தார்.

"எதுக்கு டிரைவர், காத்தைப் புடுங்குறீங்க?" என்றாள் ஒரு சித்தி.

"எனக்கும் சேர்த்துத்தான் புடுங்கிட்டாங்க" என்று முனகினார்.

சாயங்காலம் போர்வெல் குழாய் அடியில் புழுதிக்கு நடுவே மாடுகள் நின்றன. மாடுகளுக்கு நடுவே அக்கா அல்வினா. உவெரி இறங்கி ஓடினாள். அல்வினா கண்ணைச் சுருக்கிப் பார்த்தாள். போதவில்லை. தங்கையின் கன்னத்தை இரண்டு கையாலும் பிடித்து மூக்கருகே இழுத்துப் பார்த்தாள்.

"குண்டாயிட்ட" என்றாள். இரண்டு பேரும் அழுதார்கள். கமுஹங்கா டயரைக் குனிந்து பார்த்தார். டயரில் ஒன்றும் இல்லை.

நிமிர்ந்தபோது ஊரே வந்துகொண்டிருந்தது. டிரம்கள். ஆடுகள். அதே இரும்புக் கட்டில். மச்சினன் ஒரு கன்றை இழுத்துக்கொண்டு முன்னால் வந்தான்.

"மச்சான், முன்சீட்டு காலிதானே?"

அவர் கண்ணை மூடிக்கொண்டார்.

"தொடாதே!" உவெரியின் குரல். "இது கம்பெனி வண்டி. புக் பண்ணாதவங்க ஏறக் கூடாது. ஆடும் சேர்த்துத்தான்."

ஊர் நின்றது. முணுமுணுத்தது. டிரம்மோடு திரும்பிப் போனது. கமுஹங்கா ஒரு கண்ணை மட்டும் திறந்தார். பன்னிரண்டு வருஷம் ஓடி ஒளிந்தது இந்த ஒரு வரி தெரியாமலா?

"இது எனக்குத் தோணலையே" என்றார் மெதுவாக.

"தோணியிருந்தா ஜனவரி, ஏப்ரல்னு கதை விட்டிருப்பீங்களா?"

அல்வினா தட்டுத்தடுமாறி வந்து அவர் சட்டைக் கையைப் பிடித்தாள். "அதென்ன அது, இத்தனை வருஷமா வரவே இல்ல? எங்க ஊருக்கு வர்றதுக்கு எந்த மாசம்தான் நல்லதாம்?"

"டிரைவரையே கேளு, அக்கா. அவருக்குத்தான் மனப்பாடம்" என்றாள் உவெரி.

கமுஹங்கா தொப்பியைக் கழற்றினார்.

"ஆகஸ்ட், மேடம்."