படகில் ஏறிய கல்யாணக் கொடி

"கல்யாணம் கடல்லதான். படகுமேலதான். இதுக்குமேல யாரும் என்கிட்ட பேச வேண்டாம்" என்று யூலாலி கரண்டியை மேசைமேல் வைத்தாள்.

கணவர் ஆல்பன் தட்டில் குனிந்து சாப்பாட்டைத் தொடர்ந்தார். மினி பஸ் ஓட்டிப் பிழைப்பவர். வீட்டை யார் ஓட்டுகிறார்கள் என்பது அவருக்கு நன்றாகவே தெரியும். கல்யாணப் பெண் ஜோசெட் மட்டும், "சர்ச்சுல என்னம்மா குறைச்சல்?" என்று மெல்லக் கேட்டாள்.

"சர்ச்சுல ஒரு குறையும் இல்லடி. சர்ச்சைவிட்டு வெளியே வந்தா மத்தூரின் நிப்பானே, அவன்தான் குறை!"

கரீபியன் கடலிலுள்ள காரியாக்கூ தீவில் மோதிரம் மாற்றிவிட்டால் மட்டும் கல்யாணம் முடிந்துவிடாது. பெண் வீட்டுக்கு ஒரு கொடி, மாப்பிள்ளை வீட்டுக்கு ஒரு கொடி. இரண்டையும் நீளமான கழிகளில் கட்டி, மேளம் முழங்க, இரண்டு பேர் எதிரெதிரே ஆடுவார்கள். கடைசியில் எந்தக் கொடி மேலே நிற்கிறதோ, அந்த வீட்டார் பேச்சுத்தான் குடும்பத்தில் எடுபடும். பெரும்பாலும் மாப்பிள்ளை வீட்டுக் கொடிதான் நிற்கும். யூலாலிக்கு அந்தப் 'பெரும்பாலும்' பிடிக்கவில்லை.

மாப்பிள்ளை லின்டன் தங்கமான பையன். ஆணி, சுத்தியல் விற்கும் கடை வைத்திருக்கிறான். அவன் அம்மா ட்ருஸில்லாதான் கவலை. ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. பேரன் பேத்தி எடுத்த ஆண்பிள்ளைகள்கூட இன்னும் அவளைத் தெருவில் கண்டால் சட்டைப் பொத்தானைச் சரிபார்க்கிறார்கள். ஜோசெட்டோ வாயில்லாப் பூச்சி. யூலாலியின் கல்யாணத்தில் அவள் வீட்டுக் கொடி விழுந்தது. அதற்கப்புறம் தன் சமையலறையில் உப்பு போடக்கூட மாமியாரைக் கேட்டு நின்ற நாட்களை அவள் மறக்கவில்லை. மகளுக்கு அந்தக் கதி வரக்கூடாது. அவ்வளவுதான் அவள் ஆசை.

மாப்பிள்ளை வீட்டுக் கொடியைப் பிடிப்பவன் மத்தூரின், ட்ருஸில்லாவின் தம்பி. பனைமர உயரம். இதுவரை எந்தக் கல்யாணத்திலும் தோற்றதில்லை. ஆனால் பெலேர் மேட்டில் ஆடு மேய்க்கிறவன். அலையைப் பார்த்தாலே அவனுக்குக் குடல் வாய்க்கு வந்துவிடும். பக்கத்துத் தீவுக்குப் போவதென்றாலும் விமானம்தான். இந்த ஒரு ஓட்டையில்தான் யூலாலி தன் கப்பலையே விடப் பார்த்தாள்.

அன்றே சம்பந்திக்குப் போன் போட்டாள்.

"கடல் அலங்காரக் கல்யாணம் சம்பந்தியம்மா! பாய்மரம், நங்கூரம், மாலுமித் தொப்பி... இப்ப எல்லா ஊர்லயும் இதுதான் பேஷன். கொடியாட்டமும் படகுமேலயே வெச்சுடலாம்."

"தாராளமா வையுங்க. எங்க வெச்சாலும் சட்டுனு முடிஞ்சா சரி" என்றாள் ட்ருஸில்லா.

இவ்வளவு சுலபமாகவா? யூலாலிக்குக் கொஞ்சம் ஏமாற்றமாகக்கூட இருந்தது. சண்டைக்கு இடுப்பில் முந்தி செருகிக்கொண்டு போனவளுக்கு எதிரி நாற்காலி போட்டது போலிருந்தது.

அடுத்த சிக்கல் ஃபாதர். "படகுக்கு மந்திரிச்சுத் தண்ணி தெளிக்கலாம். படகுல கல்யாணம் பண்ணி வைக்கறதாவது!" என்றார் அவர். யூலாலி தினமும் அவர் வீட்டு வாசலில் போய் உட்கார்ந்தாள். ஐந்தாம் நாள் ஃபாதர் இறங்கி வந்தார். "சரி. ஆனா படகு விரிகுடாவைத் தாண்டக்கூடாது. எனக்கும் வயிறு இருக்கு."

யூலாலியின் அண்ணன் காஸ்மஸிடம் மரப்படகு இருந்தது. முப்பது பேர் ஏறலாம். ஆனால் இந்தத் தீவில் கல்யாணத்துக்கு அழைப்பு என்று ஒன்று கிடையாது. மேளச் சத்தம் கேட்டவரெல்லாம் விருந்தாளி. மிச்சப்பேர் கரையில் நின்று பார்க்கட்டும் என்று முடிவானது.

கல்யாணத்தன்று காலை யூலாலி கடைசி அஸ்திரத்தையும் எடுத்தாள். சீமைப்பலாவையும் உப்புக்கறியையும் தேங்காய்ப்பாலில் வற்றவிட்டு, எண்ணெய் மிதக்க மிதக்க ஒரு பெரிய தட்டு நிறைய மத்தூரினுக்கு நீட்டினாள்.

"சாப்பிடு தம்பி. வெறும் வயித்தோட படகு ஏறக்கூடாது."

"வேண்டாங்க்கா. நேத்துலேருந்தே ஒண்ணும் இறங்கல" என்ற மத்தூரின், அவள் திரும்பியதும் தட்டைப் பக்கத்தில் நின்ற ஆல்பனிடம் தள்ளிவிட்டான். ஆல்பன் ஏற்கெனவே ஒரு தட்டு முடித்திருந்தார். சோற்றை வீணாக்குவது பாவம் என்று வளர்க்கப்பட்டவர். பெண் வீட்டுக் கொடியைப் பிடிக்க வேண்டியவரும் அவரேதான்.

படகு விரிகுடாவின் நடுவில் நங்கூரமிட்டது. ஜோசெட் அழகாக இருந்தாள். கப்பல் தலைவன் தொப்பியில் லின்டன், எந்தக் காலை முன்னால் வைப்பது என்று அம்மாவைப் பார்த்துக்கொண்டிருந்தான். மோதிரம் மாற்றியாயிற்று. கரையிலிருந்து ஊரே ஆரவாரம் செய்தது.

யூலாலி மட்டும் கடலை முறைத்துக்கொண்டிருந்தாள். ஒரு அலை கிடையாது. தண்ணீர் தட்டில் ஊற்றிய பால் மாதிரி கிடந்தது. மத்தூரின் கொடியோடு அசையாமல் நிமிர்ந்து நின்றான்.

"கொடியாட்டம் ஆரம்பிக்கலாமா?" என்று மேளக்காரர் கேட்டார்.

"பொறுங்க!" என்றாள் யூலாலி. அண்ணனிடம் ஓடினாள். "நங்கூரத்தை எடு. விரிகுடா முனையைத் தாண்டிப் போ."

"தாண்டினா பேய் நீரோட்டம்டி! ஃபாதருக்கு வாக்குக் கொடுத்தியே?"

"ஃபாதர்கிட்ட நான் பாவமன்னிப்புக் கேட்டுக்கறேன். நீ பாயை விரி."

முனையைத் தாண்டியதும் படகு முதலில் ஒரு கும்பிடு போட்டது. அப்புறம் குத்தாட்டம். நங்கூர வடிவத்தில் செய்த மூன்றடுக்குக் கேக் நகர்ந்து வந்து ஃபாதரின் மடியில் உட்கார்ந்தது. அதை இறக்கி வைக்கக்கூட அவருக்குத் தெம்பில்லை. அந்தோணியாரைத்தான் கூப்பிட்டார்.

மேளம் ஆரம்பித்தது. முதலில் விழுந்தவர் ஆல்பன். இரண்டு தட்டு உப்புக்கறி சும்மா விடுமா? கொடியை மனைவியின் கையில் திணித்துவிட்டுப் படகின் ஓரத்துக்கு ஓடினார்.

"அண்ணே, நீ வா! கொடியைப் பிடி!"

"நான் வந்தா சுக்கானை யாருடி பிடிக்கறது?"

தலைக்குமேல் வெள்ளம் போனபின் சாண் என்ன, முழம் என்ன? யூலாலி குதிகால் செருப்பைக் கழற்றி வீசினாள். பூத்தொப்பியை இறுக்கிக்கொண்டாள். மஞ்சள் கொடியைத் தானே தூக்கினாள்.

எதிரே மத்தூரின். முகம் பச்சைப் பப்பாளி நிறத்துக்கு வந்துவிட்டது. ஆனாலும் ஆள் அசையவில்லை. கழியின் அடியைப் பலகை இடுக்கில் ஊன்றி, இரண்டு கைகளாலும் அதைக் கட்டிப்பிடித்து, கண்ணை மூடிக்கொண்டு நின்றான். மேலே நீலக் கொடி படபடத்தது. அவனுடைய வைராக்கியத்தைப் பார்த்து யூலாலிக்கே மரியாதை வந்தது.

"விடுடா கொடியை!"

"முடியாதுக்கா!"

"என் பொண்ணு உன் அக்காவுக்கு அடிமையில்லடா!"

அவள் கழியால் அவன் கழியைத் தட்டினாள். அசையவில்லை. மறுபடி தட்டினாள். படகு சாய்ந்ததில் விழுந்து முட்டியைச் சிராய்த்துக்கொண்டாள். எழுந்து மறுபடி தட்டினாள். தொப்பி பறந்து கடலில் விழுந்தது. உப்பு நீரா கண்ணீரா என்று தெரியாமல் முகமெல்லாம் நனைந்தது. அவள் விடவில்லை. கடைசியில் ஒரு பெரிய அலை வந்து படகைத் தூக்கிப் போட, மத்தூரின் கழியை விட்டுவிட்டு ஆல்பனுக்குப் பக்கத்தில் போய்க் குனிந்தான். நீலக் கொடி சரிந்தது. அதன்மேல் யூலாலியின் மஞ்சள் கொடி ஏறி நின்றது.

"பொண்ணு வீட்டுக் கொடி!" என்று காஸ்மஸ் கத்தினார். ஜோசெட் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். யூலாலியும் அழுதாள். அந்தச் சந்தோஷம் உண்மையானது.

கரைக்கு வந்ததும் ஜெயித்தவளுக்கு மனம் இளகிவிட்டது. மணலில் மல்லாந்து கிடந்த மத்தூரினுக்கு ஒரு கோப்பை இஞ்சிச் சாறு கொண்டுபோனாள்.

"மனசை விட்டுடாதே தம்பி. நல்லாத்தான் மல்லுக்கட்டினே. என்ன பண்றது, ஒருத்தர் தோத்துத்தானே ஆகணும்?"

மத்தூரின் ஒற்றைக் கண்ணைத் திறந்தான்.

"நான் எங்கே மல்லுக்கட்டினேன்க்கா? 'முப்பத்தஞ்சு வருஷமா லின்டனை மேய்ச்சு எனக்கு முதுகு ஒடிஞ்சுபோச்சு, இனிமே அந்தப் பொண்ணு பாடு, போனதும் தோத்துட்டு வாடா'ன்னு என் அக்கா காலையிலேயே சொல்லித்தான் அனுப்பினாங்க. தரையில வெச்சிருந்தா முதல் அடியிலேயே கொடியைக் கீழே போட்டிருப்பேன், உங்க படகுல பிடிச்சுக்க அந்தக் கழியை விட்டா எனக்கு வேற என்ன இருந்துச்சு?"