மண்ணை வறுத்தவர்

கடலை வறுக்கிறவர்களை எல்லாக் காலேஜிலும் பார்க்கலாம். மண்ணை வறுத்துச் சம்பளம் வாங்கிய ஒரே மனிதர் எங்கள் 'ஈரம் சார்'தான்.

செல்போன் ஊருக்குள் நுழைந்துகொண்டிருந்த சமயம். ராமநாதபுரத்தில் ஒரு மாடியை வாடகைக்குப் பிடித்து, மண் ஈரத்தை ஆராய ஒரு கிளை அலுவலகம் திறந்தார்கள். சார் விஞ்ஞானி, நான் டைப்பிஸ்ட். நிலத்தின் ஈரத்தைச் சேட்டிலைட் மேலிருந்து அளக்கும். நிலமும் காற்றும் ஈரத்தை எப்படிக் கொடுத்து வாங்குகின்றன என்று கம்ப்யூட்டர் போடும் கணக்கில் தலைமை அலுவலகம் அந்த அளவைச் சேர்க்கும். அது சரிதானா என்று தரையில் பார்ப்பது சார் வேலை. மண்ணை எடை போடுவார், மின்சார அடுப்பில் வறுப்பார், மறுபடி எடை போடுவார். குறைந்ததெல்லாம் ஈரம்.

கல்யாண வீட்டுக்குப் போனாலும் வாசல் வாழைமரத்தடியில் விரலை விட்டுப் பார்த்து, "நல்ல ஈரமுள்ள இடம்" என்பார். சம்பந்தியைத்தான் சொல்கிறார் என்று பெண்வீட்டார் பூரித்துப்போவார்கள். சேட்டிலைட் வேறு எங்கள் தலைக்கு மேலே சாப்பாட்டு வேளையில்தான் வரும். அது கடக்கும் நேரத்திலேயே மண்ணையும் எடுத்தாக வேண்டும். முகூர்த்தம் தப்புகிறதே என்று பாதிப் பந்தியில் எச்சில் கையோடு ஓடுவார்.

ஒரு வருஷம் மழை ஏமாற்றிவிட்டது. கண்மாயெல்லாம் வெடித்துக் கிடக்க, சேட்டிலைட் படத்தில் மட்டும் எங்கள் ஜில்லா ஜிலுஜிலுவென்று நீலமாக இருந்தது. சாருக்குக் காரணம் தெரியும். சேட்டிலைட்டுக்கு ஒரு கட்டம் என்பது பல ஊர் அகலம். அதற்குள் கடலும் கிடந்தால் காய்ந்த வயலும் ஈரமாகத்தான் தெரியும். தலைமை அலுவலகத்துக்குப் போன் போட்டுக் கத்தினார்.

"நாலு இடத்து மண்ண வச்சுக்கிட்டு சேட்டிலைட்டக் குறை சொல்லாதீங்க. இந்தத் தடவையும் நிரூபிக்கலேன்னா கிளைய மூடிட்டு வாங்க" என்றார் மேலதிகாரி. சார் அன்றைக்குச் சாப்பிடவே இல்லை.

மறுநாள் டப்பாக்களோடு உத்தரகோசமங்கைப் பக்கம் ஒரு கிராமத்துக்குப் போனோம். சார் முதல் பிடி மண்ணை அள்ளியது அய்யனார் கோயிலை ஒட்டி. போதாதா? சாமியை வேறு ஊருக்குக் கொண்டுபோக நினைப்பவர்கள் முதலில் எடுப்பது அந்தப் பிடிமண்ணைத்தானே.

"ஏலே, பிடிமண் எடுக்குறாய்ங்கடா!"

ஊரே திரண்டுவிட்டது. பூசாரி டப்பாவைப் பிடுங்கினார். "எங்க அய்யனார எந்த ஊருக்குய்யா கொண்டு போறீக?"

சமாதானம் செய்ய நான் வாயைத் திறந்தேன். "எங்கேயும் கொண்டு போகலண்ணே. அடுப்புல வச்சு வறுக்கத்தான் போறோம்."

"வறுக்கப் போறீகளா!"

உதை விழாதது அய்யனார் புண்ணியம். சாரோ வாட்சைப் பார்த்துப் பார்த்து அழாத குறையாகச் சொன்னார்: "நேரமாச்சுய்யா! உங்க வயக்காடு பூரா ஈரமா இருக்குன்னு மேலேருந்து சொல்றாங்க. பொய்யின்னு காட்டத்தான் மண்ணு கேக்குறேன்."

பூசாரி முகம் மாறியது. "எங்க காடு ஈரமா இருக்கா? எவன் சொன்னது?"

சார் வானத்தைக் காட்டினார்.

பூசாரி பக்கத்து வெடிப்புக்குள் முழங்கை வரை கையை விட்டுக் காட்டினார். "வந்து இங்கன பாக்கச் சொல்லுங்க அவன!"

அப்புறம் ஆளாளுக்குத் தங்கள் வயலுக்கு ஓடினார்கள். தூக்குச்சட்டி, ஊறுகாய் பாட்டில், டிபன் பாக்ஸ் என்று மண் வந்து குவிந்தது. சார் வரப்பு வரப்பாக ஓடி, "மூடிய இறுக்குங்க, மூடிய இறுக்குங்க!" என்று கூவினார். பூசாரி ஒரே ஒரு நிபந்தனை போட்டார்: "வறுத்தாலும் பொரிச்சாலும் மண்ணு ஊருக்குத் திரும்பி வந்துரணும்."

வறுத்து முடித்ததும் சார் பஸ் ஏறிப்போய், அவரவர் மண்ணை அவரவர் வயலிலேயே கொட்டிவிட்டு வந்தார். அத்தனை வயல்களின் அளவும் போய்ச் சேர்ந்தபின் தலைமை அலுவலகம் படத்தைத் திருத்த ஒப்புக்கொண்டது. கிளையை மூடும் பேச்சும் அதோடு நின்றது.

கொஞ்ச நாளில் புதுப் படம் வந்தது. எங்கள் கடற்கரைப் பக்கம் முழுக்க வெறும் வெள்ளை. இங்கே சேட்டிலைட் அளவை நம்பாதே என்று அர்த்தமாம்.

"என்ன சார், ஒண்ணுமே இல்லையே?" என்றேன்.

"அதான்யா உண்மை" என்று சொல்லி, சார் அந்த வெள்ளைத்தாளைத் தடவிக் கொடுத்தார். கண் கலங்கியிருந்தது. அந்த மனிதரை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரிந்தது.