ஓட்டு மாமாவும் மந்திரிங்கற மாடும்

இலங்கையிலயே எலெக்சன் அன்னிக்குக் கொட்டுற மழையில குடையைக் கக்கத்துல இடுக்கிக்கிட்டு நனைஞ்சுகிட்டே போன ஒரே மனுசன் எங்க ஓட்டு மாமாதான்.

அவருக்கு அப்பா அம்மா வச்ச பேரு ஒண்ணு இருந்திருக்கும். எனக்குத் தெரியாது. தோட்டத்து ஆளுங்க இந்தியாக்காரங்கன்னு சொல்லி சர்க்காரு எங்க ஓட்டையெல்லாம் புடுங்குனதுக்கு அப்புறம், நாங்க வரிசை வீடுகள்ல குடியிருந்த மேட்டு லயத்துல ஓட்டு இருந்தது அவருக்கு மட்டுந்தான். அதான் அந்தப் பேரு. எப்படிக் கெடைச்சிச்சுன்னு கேட்டா, "கவருமெண்டு கந்தோருல ஆபிசருங்க கேள்வி கேட்டாங்க, நான் பதில் சொல்ல ஆரம்பிச்சேன். சாயங்காலம் வரைக்கும் நிறுத்தல. குடுத்தாத்தான் இவன் எந்திரிப்பான்னு குடுத்துட்டாங்க"ம்பாரு. மாமா பேசிக் கேட்டவங்க யாரும் அதைப் பொய்யின்னு சொல்ல மாட்டாங்க.

ஒரு மாடு வச்சிருந்தாரு. அதுக்கு மந்திரின்னு பேரு. "திங்கறது நெறைய, குடுக்கறது கொஞ்சம். வேற என்ன பேரு வைக்க?"

கெடைச்ச ஓட்டை அவரு தன்னோடதுன்னு நெனைக்கவே இல்ல. எலெக்சனுக்கு மொத நாள், பறிச்ச கொழுந்தை எடை போட்டுட்டு எல்லாரும் வந்தப்புறம், பீலியடியில லயத்தையே கூட்டி வச்சு ஒரு எலெக்சன் நடத்துவாரு. நாங்க தண்ணி புடிக்கிற எடந்தான் பீலி. யாருக்குன்னு சொல்லணும், கை தூக்கணும். எதுக்குக் கை கூடுதோ அதைக் கொண்டுபோய்ப் போட்டுட்டு வருவாரு.

எனக்கு அப்ப எட்டு வயசு. குடைச் சின்னத்துல நின்னவரு, மேல இருக்கற சிங்கள ஊருக்கு எங்க தோட்டம் வழியா ரோடு போட்டு பஸ் விடுறேன்னாரு. நாற்காலிச் சின்னத்துல நின்னவரு ஒண்ணும் சொல்லல, கும்பிடு மட்டும் போட்டுட்டுப் போனாரு. மாமா நாற்காலிப் பக்கம்.

"ஒண்ணும் செய்யாதவனால ஒரு கெடுதலும் இல்ல. ரோடு எதுல வரும்னு யோசிச்சீங்களா? தொரை ஒரு தேயிலைச் செடியைத் தொட விடுவாரா? நம்ம லயத்துக்குப் பின்னாடிதான் வரும். காய்கறித் தோட்டமெல்லாம் போயிரும்."

கங்காணி சம்சாரம் செல்லம்மா அத்தை எந்திரிச்சிச்சு. பேசுனா பக்கத்துத் தோட்டத்துக்குக் கேக்கும். "அண்ணனுக்கு மாட்டுப் பட்டி போயிருமேன்னு கவலை. மந்திரி பதவி போயிரும்ல." எல்லாரும் சிரிச்சாங்க.

அப்ப எங்க அம்மா எந்திரிச்சாங்க. பீலியடியில சண்டை வந்தாக்கூடப் பேசாதவங்க. எனக்கு முன்னாடி ஒரு அண்ணன் இருந்தான். காய்ச்சல்ல கம்பளியில சுத்தித் தூக்கிக்கிட்டு டிக்கோயா ஆஸ்பத்திரிக்கு நடந்தாங்க. நடந்து முடியறதுக்குள்ள அவன் போயிட்டான். அம்மா அதை ஒண்ணும் சொல்லல. "பஸ் வரட்டும்ணே"ன்னாங்க. அவ்வளவுதான். அதுக்கு மேல யாரும் சிரிக்கல.

மாமா கை தூக்குங்கன்னாரு. அம்மா அப்ப தம்பியச் சொமந்துக்கிட்டு இருந்தாங்க. "தாயி, நீ ரெண்டு கையும் தூக்கு. உள்ள இருக்கறதுக்கும் சேத்து. அதுவும் ஓட்டில்லாமத்தான பொறக்கப் போவுது." செல்லம்மா அத்தை கேக்காமயே ரெண்டு கையையும் தூக்குச்சு. "ஒனக்கு என்ன, அம்பது வயசுல?"ன்னு மாமா கேட்டாரு. "ஆசைதான்"னு சொல்லிச்சு. குடைதான் செயிச்சிச்சு.

மறுநா விடியக்காலையில குளிச்சு, திருநீறு பூசி, கணக்கப்புள்ள கோட்டை எரவல் வாங்கிப் போட்டுக்கிட்டு கெளம்புனாரு. தேங்கா ஒடைச்சு அனுப்புனோம். தோட்டத்து எல்லை தாண்டல, மழை. கையில குடை இருக்கு, விரிக்க மாட்டேங்கறாரு. "இன்னிக்குக் குடை விரிச்சா குடைக்காரனுக்கு ஓட்டுக் கேக்குறேன்னு போலிசு புடிச்சிரும்." சொட்டச் சொட்டப் போனாரு. அந்தக் கோட்டைக் காய வைக்கவே கணக்கப்புள்ளைக்கு ஒரு வாரம் ஆச்சு.

திரும்பி வந்தவரு எதுக்குப் போட்டாருன்னு லயத்துல ஒரே கசமுசா. உள்ள போயி நாற்காலிக்குப் போட்டிருந்தா யாருக்குத் தெரியும்? அம்மாதான் கேட்டாங்க. "அண்ணே, குடைக்குத்தானே?"

"என் ஓட்டா இருந்தா நாற்காலிக்குத்தான் போட்டிருப்பேன். இது ஒங்க ஓட்டு தாயி. குடைக்குத்தான்."

வெளியயும் குடைக்காரருதான் செயிச்சாரு. சொன்ன மாதிரியே ரோடும் வந்திச்சு. மாமா சொன்ன மாதிரியே எங்க லயத்துக்குப் பின்னாடிதான் வந்திச்சு. தேயிலை ஒரு செடி போகல. மாட்டுப் பட்டி போச்சு, எங்க கத்தரி போச்சு, செல்லம்மா அத்தையோட சவுசவுப் பந்தல் அடியோட போச்சு. அத்தை வேப்பிலை இல்லாத கொறையா மாமா வாசல்ல வந்து ஆடுச்சு.

"ஏன்ணே குடைக்குப் போட்டீங்க? எம்பந்தல எடுத்துக் குடுங்க."

"நீதானத்தா ரெண்டு கையும் தூக்குன?"

சொல்லிட்டு சிரிச்சாரு பாருங்க. கல்லு மேல உக்காந்து, வயித்தப் புடிச்சிக்கிட்டு, கண்ணுல தண்ணி வர சிரிச்சாரு. தன் பட்டி இருந்த எடத்துல மண்ணு வெட்டுறாங்க, அதைப் பாத்துக்கிட்டே சிரிக்கறாரு. எங்களுக்கு யாருக்கும் வெக்கத்துல தலையத் தூக்க முடியல.

மறுநா வேலைக்குப் பேரு குடுக்கற பெரட்டுக்கு அம்மாகூடப் போறப்ப பாத்தா, பள்ளத்துல கம்பு நட்டு அத்தைக்குப் பந்தல் போட்டுக்கிட்டு இருக்காரு. அத்தை பக்கத்துல நின்னு, இப்படிக் கட்டு அப்படிக் கட்டுன்னு அதிகாரம் பண்ணுது.

"நேத்து அந்தச் சிரிப்பு சிரிச்சீங்களே மாமா"ன்னு கேட்டேன்.

"சிரிப்பு வந்திச்சு, சிரிச்சேன். அதுக்காக அவ வெறுஞ்சோறு திங்க முடியுமா?"

பஸ் வந்திச்சு, ஆனா எங்க லயத்துல நிக்காது. மேல ஊருல நிக்கும், கீழ தொரை பங்களா முடக்கு வளைவுல நிக்கும். நாங்க கை காட்டுனா டிரைவரு பதிலுக்குக் கை காட்டிட்டுப் போயிருவாரு. அதுக்கு மந்திரிதான் வழி பண்ணிச்சு. பட்டி போனது அதுக்குத் தெரியல. மேஞ்சிட்டு வந்து பழைய எடத்துலயேதான் படுக்கும். பழைய எடம் இப்ப நடு ரோடு.

தம்பிக்கு நாலு வயசுல ஒரு நாள் காய்ச்சல் ஏறி வலிப்பு வந்திருச்சு. பஸ் கீழ எறங்கற நேரம். அம்மா கம்பளியோட தூக்கிக்கிட்டு ஓடுறாங்க, மேட்டுல கால் வழுக்குது. பஸ் மேல் வளைவுல திரும்பி வந்து, மாட்டுக்கு முன்னாடி நின்னு ஆரனை அடிக்கறாரு டிரைவரு. "ஹரக்கா அயின் கரன்ன, மாமே." மாட்டை ஓட்டச் சொல்றாரு.

"பொட்டக் இன்ன மாத்தயா, கொஞ்சம் இருங்க"ன்னு மாமா கயித்தப் புடிச்சு இழுக்கறாரு. பல்லக் கடிச்சு, மூச்சு வாங்க இழுக்கறாரு. நான் பக்கத்துல நிக்கறேன். கயிறு தொங்கிக்கிட்டு இருக்கு. கொஞ்சங்கூட இழுக்கல. அம்மா படியில ஏறி உக்காந்தப்புறம், "எந்திரிடி"ன்னாரு. மந்திரி உடனே எந்திரிச்சிச்சு.

தம்பி பொழச்சிட்டான். அதுலருந்து பஸ்ஸும் அங்கயே நிக்குது. பஸ் நிக்கற எடத்தை ஹோல்ட்டும்பாங்க; கொண்டக்டரே "மாட்டு ஹோல்ட்"னுதான் கத்துவாரு. மாமா தம்பியப் பாக்கறப்பல்லாம், "வயித்துக்குள்ள இருந்தே ரோட்டுக்குக் கை தூக்குனவன்டா நீ"ம்பாரு.

பட்டி போனதுல வருத்தம் இல்லையான்னு ஒருவாட்டி கேட்டேன்.

"ஏன் இல்லாம? கோவமும் இருக்கு. ஒந்தம்பியப் பாத்தா போயிருது. செல்லம்மாவப் பாத்தா திரும்பி வந்துருது."

இந்தப் பனியில மாமா இருமி இருமிப் போயிட்டாரு. எனக்கு இன்னும் காலையில அவரு இருந்த காம்பரா ரூம்பு கதவு தொறக்கற சத்தம் கேக்குற மாதிரியே இருக்கு. தூக்கிட்டுப் போறப்ப பஸ்ஸு எதுக்க வந்து நின்னுச்சு. டிரைவரு எறங்கி, ரோட்டு ஓரத்துல கையக் கட்டிக்கிட்டு நின்னாரு.

அவரு போயி கொஞ்ச நாள்ல மறுபடி எலெக்சன் வந்திச்சு. மொத நாள் சாயங்காலம் யாரும் கூப்புடல. ஆனா எல்லாரும் பீலியடிக்கு வந்துட்டாங்க. செல்லம்மா அத்தைதான், "சரி, கை தூக்குங்க"ன்னுச்சு. கொரலு சின்னதா வந்திச்சு. கொண்டுபோய்ப் போட ஆளு இல்லைன்னு எல்லாருக்கும் தெரியும். இருந்தாலும் தூக்குனோம்.

நான் ரெண்டு கையும் தூக்குனேன். ஒண்ணு மாமாவுக்கு.